நான் திருத்தினது வினைச்சொல்லை மட்டுந்தான்

ஜர்னலிசம் படிக்கிறியா? நல்லது கண்ணு. எங்கே, அந்த வார்த்தையை வச்சு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லு பார்ப்போம்.

வேண்டாம், விடு. வாய்ப்பழக்கம். வருஷக்கணக்கா எனக்கு இதே வேலை. போர்டுல ஒரு வார்த்தையை எழுதிப்போட்டு, ஒவ்வொருத்தரையா எந்திரிச்சு நிக்கச் சொல்லி, அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுன்னு கேக்கறது. ஸ்போக்கன் இங்கிலீஷ். எங்க வீட்டு முன் ஹால்லதான் கிளாஸ். வசந்தாமணி மிஸ்னா பவானிப் பக்கம் தெரியாதவங்க கிடையாது. இப்பவும் தெரியும். வேற மாதிரி தெரியும்.

நீ சேலமா? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்காது. பேப்பர்ல வந்துச்சு. வந்ததுல பாதி தப்பு. அதுக்குத்தான் இந்த பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கற உன்கிட்டச் சொல்றேன். நாளைக்கு நீ எழுதப்போறவ. ரெண்டு பக்கமும் கேட்டு எழுதோணும். என்ற பக்கத்தை ஒருத்தரும் கேக்கலை.

எங்கூட்டுக்காரர் பேரு நாச்சிமுத்து. சாயப்பட்டறையில சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே பட்டறை, அதே முதலாளி. அதிர்ந்து பேச மாட்டாரு. கிளாஸ் நடக்கற நேரத்துல முன்வாசல்ல வந்தாப் பசங்க எல்லாம் எந்திரிச்சு குட் ஈவினிங் சார்னு சொல்லுவாங்களாம். அதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டுச் சந்துல சுத்திப் பின்கதவு வழியா வருவாரு. அப்படி ஒரு மனுஷன். அதை முதல்ல மனசுல வச்சுக்கோ.

அந்தப் பட்டறை ஆபீஸ்ல பில் போட்டுக்கிட்டு இருந்தா கோகிலவாணி. என்ற கிளாஸ் பிள்ளை. தபால்ல பி.காம் முடிச்சிட்டு வேலை இல்லாம இருந்தவளுக்கு, அவருகிட்டச் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதையும் பேப்பர்ல போடலை. ஒல்லியா இருப்பா, பேசினாக் காத்து மாதிரி இருக்கும். ஆனா இங்கிலீஷ் வந்துச்சு அவளுக்கு. காலம் தப்பாது. போன காலம்னா போன காலம், நடக்கற காலம்னா நடக்கற காலம். ஏ, அன், த, இந்த மூணுலதான் தடுமாறுவா. நீ இதையும் ஞாபகம் வச்சுக்கோ, பின்னால வரும்.

பங்குனி மாசம் அந்தப் பட்டறையில வேலை பார்த்த ஒருத்தன் செத்துப்போனான். மாதேசன். அந்தியூர் மலைக்காரன். சாயக் கழிவுத் தண்ணி நிக்கற தொட்டி இருக்கும் பாரு, அதுல அடியில தங்கற சேத்தை வழிச்சு எடுக்கற வேலை அவனுக்கு. சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல விழுந்து கிடந்திருக்கான். போதையில மயங்கி விழுந்து தொழிலாளி சாவுன்னு பேப்பர்ல மூணு வரி வந்துச்சு. நான்தான் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். பாவம்னேன். அவரு தட்டுல கை வச்சபடியே உக்காந்திருந்தாரு. கூட வேலை பார்த்தவன்ல, சங்கடம் இருக்காதா?

அவன் செத்த அன்னிக்கு அவரு லேட்டாத்தான் வந்தாரு. வந்தவரு உள்ள வராம வெளிக்குழாயில உக்காந்து, போட்ட துணியோடயே தண்ணி ஊத்திக்கிட்டாரு. வெயில் காலம். அந்தச் சட்டையை ரெண்டு தடவை ஊற வச்சுத் துவைச்சேன், நாத்தம் போகலை. அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம். அப்பறம் தண்ணி அடுப்புல போட்டு எரிச்சுட்டேன். பழைய சட்டைதான், காலர் வேற நைஞ்சிருந்துச்சு. அது வேற விஷயம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளை ஒருத்தி, மேல என்ன படிக்கலாம் மிஸ்னு கேட்டா. பல படிப்பு இருக்குதே, ஜர்னலிசம் கூட இருக்குதுன்னேன். சரி, இன்னிக்கு அதையே வார்த்தையா வச்சுக்கலாம்னு போர்டுல எழுதினேன். எவ்வளவு வார்த்தை இருக்குது உலகத்துல. என்ற கை அதைப் போயி எழுதுச்சு பாரு.

எல்லாரும் சொன்னாங்க. ஜர்னலிசம் இஸ் எ நோபிள் ப்ரொஃபெஷன்னு ஒருத்தன் சொன்னான். பேக்கரி வச்சிருக்கற பையன் சாதிக், என்ற மச்சான் ஜர்னலிசத்துல இருக்கறான், ஆனா வீட்டுக்கே வர்றதில்லைன்னு சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. கோகிலா முறை வந்துச்சு. எந்திரிச்சு நின்னா. துப்பட்டா நுனியைக் கையில சுத்திக்கிட்டே சொன்னா:

"தேர் இஸ் நோ ஜர்னலிசம் இன் அவர் டவுன். மாதேசன் டைடு இன் டேங்க். பேப்பர் செட் ரோட்."

நம்ம ஊர்ல ஜர்னலிசம்னு ஒண்ணு இல்லை, மாதேசன் செத்தது தொட்டியில, பேப்பர் சொன்னது ரோட்டுலன்னு. உனக்குப் புரிஞ்சிருக்கும், எனக்குத் தமிழ்ல ஒரு தடவை சொல்லியே பழக்கம்.

திரைக்குப் பின்னால உள் ரூம்ல அவரு டி.வி. பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்தச் சத்தம் நின்னு போச்சு. நான் என்ன பண்ணுவேன்? ஒரு டீச்சர் என்ன பண்ணோணுமோ அதைப் பண்ணினேன். "இன் டேங்க் இல்லை கோகிலா, இன் த டேங்க். எந்தத் தொட்டின்னு எல்லாருக்கும் தெரியும்போது த போடோணும்"னேன். அவ தலையை ஆட்டிட்டு, சரியாச் சொல்லிட்டு உக்காந்தா.

எல்லாரும் போனதுக்கப்பறம் அவரு திரையை விலக்கிட்டு வந்து நின்னாரு. அவருக்கு இங்கிலீஷ் வராது. எத்தனையோ தடவை வந்து உக்காருங்கன்னு கூப்பிட்டிருக்கேன், மாட்டேன்னுடுவாரு. ஆனா மாதேசன்னா மாதேசன்தானே, டேங்க்னா டேங்க்தானே. அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு கேட்டாரு. ஒரு வாக்கியம் சொன்னா, அதுல ஒரு த விட்டுப்போச்சு, திருத்தினேன்னேன். அப்பறம் மெதுவாக் கேட்டாரு, "அது பொய்யின்னு நீ சொல்லலையா?"

எனக்கு என்ன தெரியும் கண்ணு, பொய்யா நிஜமான்னு? நான் பட்டறைக்குள்ள காலெடுத்து வச்சதுகூட இல்லை. அவரும் நான் கேக்கறதுக்கு நின்னாரு, நானும் அவரு சொல்றதுக்கு நின்னேன். அப்பறம் சோறு ஆறிப்போகும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

அதுக்கப்பறம் நான் செஞ்சதை நல்லதுக்குத்தான் செஞ்சேன். இதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை கோயில்ல முதலாளியோட சம்சாரத்தைப் பார்த்தேன். தங்கமான மனுஷி. என்னை எப்பவும் மிஸ்னுதான் கூப்பிடுவாங்க. பேச்சோட பேச்சா, உங்க ஆபீஸ் கோகிலாவுக்கு இங்கிலீஷ் நல்லா வருதுங்க, இப்படியெல்லாங்கூட வாக்கியம் சொல்றாளுங்கன்னு, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். த போட்டுத்தான் சொன்னேன். சின்னப் பிள்ளை, மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிட்டு இருக்குது, கூப்பிட்டு ஆறுதலா நாலு வார்த்தை பேசுவாங்கன்னு நினைச்சேன். அந்தம்மா என்ற கையைப் பிடிச்சு, பிரசாதப் பூவைத் தலையில வச்சு விட்டுட்டுப் போனாங்க.

மறுநாளே கோகிலாவை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. அவங்க பட்டறை, அவங்க முடிவு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

கிளாஸுக்கு வர மாட்டாள்னுதான் நினைச்சேன். வந்தா. அதே நேரத்துக்கு வந்து, அதே இடத்துல உக்காந்தா. முகத்துல கோபம் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் வேர்த்துச்சு. திரைக்குப் பின்னால அவரு இருக்கறாரு, டி.வி. போடாம உக்காந்திருக்கறாரு, எனக்குத் தெரியுது. இன்னிக்கு வம்பில்லாத வார்த்தையா கொடுக்கலாம்னு யோசிச்சு, அம்ப்ரெல்லான்னு எழுதினேன். குடை. குடையில என்ன வம்பு வந்துரும்?

அவ எந்திரிச்சா. அன்னிக்கு மழை இல்லை, யார் கையிலயும் குடை இல்லை, ஆனா மாதேசன் சட்டை நனைஞ்சிருந்துச்சுன்னா. நோபடி ஹேட் அன் அம்ப்ரெல்லான்னு, அந்த 'அன்'கூடச் சரியாப் போட்டா. திருத்த ஒரு எழுத்து இல்லை. நான் குட்னு சொல்லோணும். எப்பவும் சொல்லுவேன். அன்னிக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கிளாஸ் முடிஞ்சு அவளை மட்டும் வெளிய நிறுத்தினேன். ஏன் பிள்ளை இப்படிப் பண்றே, உனக்கு நான் என்ன குறை வச்சேன், உன்ற மனசுல இருக்கறதைப் போயி போலீஸ்ல சொல்லு, பேப்பர்காரங்ககிட்டச் சொல்லு, கிளாஸ்ல வந்து ஏன் சொல்றேன்னு கேட்டேன். போலீசுக்குப் போனாளாம். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா வம்பு, ஊட்டுக்குப் போன்னு அனுப்பிச்சுட்டாங்களாம். நம்மூர் நிருபர்கிட்டப் போனாளாம். அவரு தன்ற பேப்பருக்கு முதலாளி கொடுத்த வீட்டு விசேஷ விளம்பரத்தை எடுத்துக் காட்டினாராம். அப்பறம் சொன்னா:

"எந்திரிச்சு நின்னு பேசுன்னு என்கிட்டச் சொன்னது நீங்க ஒருத்தர்தான் மிஸ். எனக்கு வேற இடம் இல்லை."

அதைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்து ரெண்டு மூணு நாள் காய்ச்சல்னு கிளாஸுக்கு லீவு விட்டேன். நிஜமாவே உடம்பு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அவருக்கும் தூக்கம் போச்சு. லைட்டை அணைக்க விட மாட்டாரு. வயித்துல வாயுன்னு கஷாயம் வச்சுக் கொடுத்தேன். தூக்கத்துல கையை மேல தூக்குவாரு, யாரையோ பிடிக்கற மாதிரி. வாயு நெஞ்சுக்கு ஏறினா அப்படித்தான் பண்ணும்.

அவளை ஏன் நிறுத்தலைன்னு கேக்கறே, அதானே? எல்லாரும் கேட்டாங்க, வக்கீல்கூட. நிறுத்தினா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. வேலையை விட்டும் நிறுத்தியாச்சு, கிளாஸை விட்டும் நிறுத்தியாச்சுன்னா, இவங்களுக்கு என்ன பயம்னு ஊர் கேக்காதா? நமக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா எப்பவும் போலத்தானே இருக்கோணும்? எப்பவும் போல இருந்தேன்.

மறுபடி கிளாஸ் ஆரம்பிச்சப்போ ஹால் நிறைஞ்சு போச்சு. வராதவன் எல்லாம் வந்திருந்தான். தறி ஓட்டறவங்க ரெண்டு பேர், ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவங்க, செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. டெமோ கிளாஸ் பார்க்க வந்தோம்னாங்க. எனக்குத் தெரியும் எதுக்கு வந்தாங்கன்னு. சாப்பாட்டு விஷயமா இருக்கட்டும்னு ப்ரேக்ஃபாஸ்ட்னு எழுதினேன்.

கோகிலா முறை வந்துச்சு, எந்திரிச்சா. மாதேசன் பொண்டாட்டி மாதம்மா மறுநாள் காலையில தூக்குப்போசியில பழைய சோறு எடுத்துக்கிட்டு பட்டறை கேட்டுக்கு வந்தாளாம். புருஷன் நேத்தே போயிட்டான்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்களாம். அப்படிச் சொல்லச் சொன்னது கோகிலாகிட்ட. சொன்னது கோகிலா. அந்நேரம் அவன் பொணம் ஆஸ்பத்திரியில, யாரு எவருன்னு தெரியாமக் கிடக்குது. இதை எல்லாம் ஒரே வாக்கியத்துல சொல்லப் பார்த்தா. பாதியில குரல் உடைஞ்சு போச்சு. ஒரே வாக்கியமாச் சொல்லாதே, மூணாப் பிரிச்சுச் சொல்லுன்னு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வேற எப்படி? நீளமான வாக்கியத்தைப் பிரிச்சாத்தான் கேக்கறவங்களுக்குப் புரியும். அவ மூணாப் பிரிச்சுச் சொன்னா. தறிக்காரங்களுக்கு சாதிக் தமிழ்ல சொன்னான்.

அன்னிக்கு அவரு திரைக்குப் பின்னால இல்லை. பின்கதவு திறந்து கிடந்துச்சு.

அடுத்த நாள் சாதிக்கோட ஒரு ஆள் வந்தான். கண்ணாடி போட்ட பையன், முதுகுல பை. மச்சான்னான், சும்மா பார்க்க வந்திருக்கான்னான். எனக்கு உரைக்கலை கண்ணு. நான் அவன்கிட்டயும் ஒரு வாக்கியம் கேட்டேன். ஐ கேம் ஹியர் டு லிசன்னு சொன்னான். கேக்கறதுக்கு வந்தேன்னு. நல்ல உச்சரிப்புன்னு பாராட்டினேன். பாரு என்ற நிலைமையை.

அன்னிக்கு வார்த்தை மில்க். பாலு.

கோகிலா எந்திரிச்சா. அன்னிக்கு நல்ல சுடிதார் போட்டுக்கிட்டு, தலையை வாரிப் பின்னி வந்திருந்தா. பரீட்சைக்கு வந்த மாதிரி. என்னையே பார்த்துக்கிட்டுச் சொன்னா. சாயங்காலம் பட்டறைக்குப் பால் வேன் வந்துச்சு, அது போனதுக்கப்பறம் கம்பெனி வேன் வெளிய போச்சு, மாதேசன் உள்ள படுத்திருந்தான். இது வரைக்கும் எல்லாம் சரி, காலம் எல்லாம் சரி. கடைசியா நிறுத்தி நிதானமா ஒண்ணு சொன்னா:

"நாச்சிமுத்து சார் டிரைவ் த வேன் டு த பஸ் ஸ்டாப்."

என்ற வாய் எனக்கு முன்னால போயிருச்சு. "டிரைவ் இல்லை, டிரோவ். நாச்சிமுத்து சார் டிரோவ் த வேன்"னுட்டேன்.

சொன்னதுக்கப்பறம்தான் என்ன சொன்னேன்னு காதுல விழுந்துச்சு. வாசப்படியில செருப்புச் சத்தம். அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. முன்வாசல்ல. அவரு அந்த வழியா வந்ததே இல்லை, சொன்னேன்ல. அன்னிக்கு ஏன் வந்தாருன்னு இன்னி வரைக்கும் தெரியலை. பசங்க பழக்கத்துல ரெண்டு பேர் எந்திரிச்சாங்க, குட் ஈவினிங் சொல்ல வாயெடுத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. அவரு யாரையும் பார்க்கலை. என்னை மட்டும் பார்த்தாரு. அப்பறம் திரும்பிப் போய் வண்டியை எடுத்தாரு. கோகிலா மட்டும் நின்னுக்கிட்டே இருந்தா. "தேங்க் யூ மிஸ்"னா. திருத்தினா எப்பவும் அப்படித்தான் சொல்லுவா.

இப்ப நீ சொல்லு. இறந்த காலம் தப்பாதுன்னு அவளைப் பத்தி முதல்லயே சொன்னேன்ல. டிரைவ், டிரோவ் தெரியாதவளா அவ? பொழுதுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன். வேணும்னே தப்பாச் சொன்னா. நான் திருத்தாம இருக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். என்ற பொழைப்பை வச்சே என்னை மடக்கினா. நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ், நான் வாங்கிக் கொடுத்த வேலை, என்ற வீட்டு ஹாலு. எதுலயும் அவளுக்கு ஒரு கூச்சம் இல்லை பாரு.

அந்த மச்சான்காரன் எழுதிட்டான். பெருசா வந்துச்சு. சூப்பர்வைசரின் மனைவியே வகுப்பில் உறுதி செய்தார்னு போட்டிருந்தான். உறுதி செஞ்சேனா நான்? வினைச்சொல்லைத் திருத்தினேன். விஷயத்தைத் திருத்தலை. வேற யாராவது வேன் ஓட்டினான்னு சொல்லியிருந்தாலும் அதே டிரோவ்தான் வரும். இதை அந்தப் பத்திரிகை ஆபீஸுக்கே போன் பண்ணிச் சொன்னேன். எடுத்தவ ஒரு சின்னப் பிள்ளை, உன்ற வயசு இருக்கும். அப்ப வேன் ஓட்டினது யாரு மேடம்னு கேட்டா. வெச்சுட்டேன்.

அப்பறம் எல்லாம் வேகமாப் போச்சு. மாதம்மாவைக் கூட்டிக்கிட்டு கோகிலா கலெக்டர் ஆபீசுக்குப் போனா. தறிக்காரங்களும் கூடப் போனாங்க. புதைச்ச பொணத்தைத் தோண்டினாங்க. விஷ வாயுன்னு வந்துச்சு ரிப்போர்ட்டு. போலீஸ் வீட்டுக்கு வந்தப்போ அவரு சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு. கையைக் கழுவிட்டு, துண்டுல துடைச்சுட்டு, போலாங்கன்னாரு. என்னமோ காத்துக்கிட்டே இருந்த மாதிரி. முதலாளி நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில சேர்ந்து முன்ஜாமீன் வாங்கிட்டாரு. முதலாளி சம்சாரத்துக்கு நாலஞ்சு தடவை போன் பண்ணினேன், எடுக்கலை. கல்யாண சீசன், அவங்களுக்கும் நூறு சோலி இருக்கும். ஆனா வக்கீல் வச்சுக் கொடுத்திருக்காங்க, அதைச் சொல்லோணும். எல்லாம் நாச்சிமுத்து அவராப் பண்ணினது, முதலாளிக்கு அப்பறம்தான் தெரியும்னு எழுதினாத்தான் கேஸ் லேசாகும்னு அந்த வக்கீல் சொன்னாரு. சட்டம் அவருக்குத்தானே தெரியும். திங்கக்கிழமை நான் போய் சாட்சி சொல்லோணும். மாதேசன் செத்த அன்னிக்கு எங்கூட்டுக்காரர் எப்ப வந்தாரு, எப்படி வந்தாரு, ஏதாவது சொன்னாரான்னு கேப்பாங்களாம். எப்பவும் போல வந்தாரு, ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லச் சொல்லியிருக்காரு வக்கீல்.

கிளாஸ் நின்னு போச்சு. ஒருத்தரும் வர்றதில்லை. கோகிலா ஈரோட்டுல ஒரு கடையில இருக்காளாம். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல எதிர்ல வந்தா. கூட மாதம்மா. நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டேன். அவ நின்னு, மிஸ், சாப்பிட்டீங்களான்னு கேட்டா. தமிழ்லதான் கேட்டா.

ஏன் கண்ணு அப்படிப் பார்க்கறே? ஒரு வாய் தண்ணி இருந்தாக் கொடு.

இன்னிக்கு அவரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன், கோயமுத்தூர் ஜெயில்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான், நடுவுல போன். ரொம்ப இளைச்சுட்டாரு. சாப்பாடு எப்படின்னு கேட்டேன். பல்வலி போச்சான்னு கேட்டேன். வக்கீல் சொன்னதைச் சொன்னேன், தைரியமா இருங்கன்னேன். அவரு திடீர்னு பேச ஆரம்பிச்சாரு. "வசந்தா, நான்தான் இறங்கச் சொன்னேன். மாஸ்க் இல்லீங்களேன்னான். அஞ்சு நிமிஷ வேலைடான்னேன்." அப்படின்னாரு.

லைன் சரியில்லைங்க, ஒண்ணும் கேக்கலைன்னேன்.

அவரு போனை வாய்க்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு இன்னும் சத்தமாச் சொன்னாரு. "உள்ள இருந்து கூப்பிட்டான் வசந்தா. அண்ணா, கையைக் கொடுங்கன்னு கூப்பிட்டான். நான் முதலாளிக்குப் போன் போட்டுக்கிட்டு மேல நின்னேன். ரெண்டாவது தடவை கூப்பிடறப்போ குரல் சின்னதாப் போச்சு."

கேக்கலைங்க, போன் கரகரங்குதுன்னேன். பக்கத்துல நின்ன போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தாரு.

அதுக்கப்பறம் அவரு கொஞ்ச நேரம் கண்ணாடி மேல உள்ளங்கையை வச்சிருந்தாரு. அப்பறம் போனை அதோட இடத்துல மாட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. டைம் இன்னும் இருந்துச்சு. நான் போனைக் காதுல வச்சபடியே உக்காந்திருந்தேன்.

இதோ லட்சுமி நகர் வந்துருச்சு, நான் இறங்கோணும். பையை எடுத்துக் கொடு. நீ நல்லாப் படி. எதை எழுதினாலும் சரியாக் கேட்டு எழுது. திங்கக்கிழமை கோர்ட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போறேன் கண்ணு. ஜெயில்ல அந்த போன் சரியில்லை. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கலை.